பேய்களுக்கு ஒரு டிபன்

ஹாலோவீன் பலகாரக் குறிப்புகளைப் படித்தால், எழுதியது சமையற்காரரா அல்லது பிரேதப் பரிசோதனை செய்பவரா என்று சந்தேகம் வரும். விரல் மாதிரி உருட்டிய பிஸ்கட்டின் நுனியில் பாதாம் பருப்பை நகமாகப் பதிக்க வேண்டும். லிச்சிப் பழத்தின் குழிக்குள் ஒரு புளூபெர்ரியைத் திணித்தால் கண்விழி தயார். கோப்பையில் சாக்லேட் புட்டிங்கை ஊற்றி, மேலே ஓரியோ பிஸ்கட்டைப் பொடித்துத் தூவி, நடுவில் ஜெல்லிப் புழுவை எட்டிப் பார்க்க விட்டால் புதைகுழி மண். சாசேஜைச் சுற்றி மைதா மாவு நாடாவைக் கட்டி அவனில் வைத்து எடுத்தால் எகிப்திலிருந்து நேராக வந்திறங்கிய மம்மி.

இவற்றில் சமையல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. டப்பாவைத் திற, ஒட்டு, கண் வை. அவ்வளவுதான். ஆபீஸ் முடிந்து வந்து பலகாரம் செய்கிறவள் என்ற முறையில் எனக்கு இந்தச் சோம்பேறித்தனத்தின் மேல் ஏகப்பட்ட மரியாதை உண்டு. குட்டி ஆரஞ்சுப் பழத்தை உரித்து, உச்சியில் செலரித் தண்டு ஒரு துண்டைக் குத்தினால் பூசணிக்காய். வாழைப்பழத்தைப் பாதியாக நறுக்கி நிமிர்த்தி நிற்க வைத்து, சாக்லேட் துணுக்கில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்தால் பேய். இதைவிடக் குறைந்த உழைப்பில் ஒரு தாய்க்கு நல்ல பெயர் கிடைக்க வழியில்லை.

எங்கள் வீடு சைவம் என்பதால் மற்ற குறிப்புகளில் முக்கால்வாசி வாசற்படியிலேயே நின்றுவிடும். மம்மிக்குள் சாசேஜ். ஜெல்லிப் புழுவில் ஜெலட்டின். மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின். அது மாட்டுத் தோலிலும் பன்றித் தோலிலும் எலும்பிலும் காய்ச்சி எடுக்கிற சமாச்சாரம். ஊரே பிளாஸ்டிக் எலும்புக்கூடு கட்டித் தொங்கவிடும் இந்தப் பண்டிகையில் நிஜ எலும்பின் சத்து இருப்பது, பார்க்கப் பச்சைக் குழந்தை மாதிரி இருக்கும் அந்த வெள்ளை மிட்டாயில்தான்.

நாங்கள் இருப்பது நியூஜெர்ஸியின் பிளெய்ன்ஸ்பரோவில். பிரின்ஸ்டனுக்குப் பக்கத்து ஊர். இங்குள்ள அபார்ட்மெண்ட் வளாகங்களின் பெயர்கள் ஃபாக்ஸ் ரன், டியர் கிரீக், ஃபெசன்ட் ஹாலோ, குவெய்ல் ரிட்ஜ், ரேவன்ஸ் கிரெஸ்ட், ஹன்டர்ஸ் கிளென். நரி, மான், காட்டுக்கோழி, காடை, அண்டங்காக்கை, கடைசியில் இத்தனையையும் சுட ஒரு வேட்டைக்காரன். உள்ளே போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு தாளிக்கிற வாசனையும், எட்டு மணி ரயிலைப் பிடிக்க பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ஓடும் சாஃப்ட்வேர்காரர்களும்தான்.

பேய்ப் பண்டிகைக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் கட்சி. 'ஹவுஸ்' என்ற டிவி தொடரில் வரும் டாக்டர், பிரின்ஸ்டன் பிளெய்ன்ஸ்பரோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார். அப்படி ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. 2012 மே மாதம் அந்தத் தொடர் முடிந்தது. அதே மாதம் பிரின்ஸ்டனில் இருந்த நிஜ ஆஸ்பத்திரி பெட்டி படுக்கையோடு பிளெய்ன்ஸ்பரோவுக்குக் குடிவந்துவிட்டது. இல்லாத கட்டடம் இருக்கிற கட்டடமாக ஆவி புகுந்த கதை. ஊரின் பிரபலமான கல்லறைக் கல் ஒரு பசுமாட்டுக்கு. போர்டன் பால் கம்பெனியின் விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருந்த எல்சிக்கு இங்கிருந்த வாக்கர் கோர்டன் பண்ணைதான் வீடு. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் கூட்டம் அவளைப் பார்க்க முண்டியடித்தது. லாரி விபத்தில் அடிபட்டு 1941இல் போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது குரோவர்ஸ் மில். காரில் பத்து நிமிஷம். 1938 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் ஒரு நாடகம் போட்டார். எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையைச் செய்தி அறிக்கை மாதிரியே வாசித்தார்கள். செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்கிய இடம் குரோவர்ஸ் மில் என்று சொன்னார்கள். வெல்ஸுக்கு அப்போது வயது 23. வசனம் எழுதிய ஹோவர்ட் காக், நியூஜெர்ஸி மேப்பில் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்த இடம் அது என்று பிறகு சொல்லியிருக்கிறார். பாதியில் ரேடியோவைத் திருப்பியவர்களில் கொஞ்சம் பேர் நிஜம் என்றே நம்பிப் பதறினார்கள். மறுநாள் பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. 50 வருஷம் கழித்து 1988இல், வராத விருந்தாளிகள் வந்ததற்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

2024இல் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து அம்மா விசிட்டர் விசாவில் வந்திருந்தாள். அந்தச் சின்னத்தைக் காட்டக் கூட்டிப் போனேன். குளக்கரையில் நின்று கதை முழுவதும் கேட்டுவிட்டு, "செவ்வாயில இருந்து வந்தாம்னா தோஷம்லா? வைத்தீஸ்வரன்கோயில்ல ஒரு பரிகாரம் பண்ணியிருந்தா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி ஊரைக் காலி பண்ணுவாவளா?" என்றாள். செவ்வாய்க்கு நாம் பயப்பட ஆரம்பித்து எத்தனையோ தலைமுறை ஆகிறது, கல்யாணங்களே நின்றிருக்கின்றன. ரேடியோ கேட்டா நாம் பயப்படப்போகிறோம்?

அந்த வருஷம் பஞ்சாங்கம் ஒரு வேலை செய்தது. தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். அக்டோபர் 31, வியாழக்கிழமை. விடிகாலை நரகாசுரனைக் கொல்ல வேண்டும், சாயங்காலம் அவன் வகையறாவுக்கு விருந்து வைக்க வேண்டும். அக்டோபர் முழுக்க நியூஜெர்ஸியில் சொட்டு மழை இல்லை. பதிவு வைக்க ஆரம்பித்த காலத்திலிருந்து இவ்வளவு வறண்ட மாதமே இருந்ததில்லை என்றார்கள். "தூத்தலே இல்லாம ஒரு தீவாளியா?" என்று அம்மா வானத்தைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டாள்.

வளாகத்தில் நடந்து போகும்போது அவளுக்கு எலும்புக்கூடுகள் பெரிதாகப் படவில்லை. எதிர் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, பஞ்சுச் சிலந்தி வலையை ஜன்னலில் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்ததுதான் அவளைக் கலக்கிவிட்டது. "ஏட்டி, ஒட்டடையக் காசு குடுத்தா வாங்குதாவ? நம்ம வீட்டுக்கு வந்தா சும்மாவே அள்ளிட்டுப் போகலாமே." முகம் செதுக்கிய பூசணிக்காய் மட்டும் உடனே புரிந்துவிட்டது. புதுசாய்க் கட்டுகிற வீட்டில் அரக்கன் மூஞ்சி வரைந்த பூசணிக்காயைத் தொங்கவிடுகிற ஊரிலிருந்து வந்தவள். "திருஷ்டிக்குத்தான? தரையில வச்சா எப்பிடி, கட்டித் தொங்கவிடணும்லா" என்று திருத்தம் சொன்னாள். பண்டிகை முடிந்ததும் அதைக் குங்குமம் தடவிப் பார்க்கிங்கில் உடைக்கலாமா என்று கேட்டபோது என் கணவர் முகம் வெளுத்துவிட்டது.

வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள் என்றதும், "இது நம்ம குலசை தசரால்லா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருந்து, காளி, குறத்தி, போலீஸ், கரடி, குரங்கு, ராஜா, பிச்சைக்காரன் என்று நேர்ந்துகொண்ட வேஷத்தைக் கட்டிக்கொண்டு, மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை பிரிப்பார்கள். விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். வருகிற மாசமும் கிட்டத்தட்ட இதே மாசம். அங்கே சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்குப் போகும். இங்கே சேர்ந்தது நேரே வயிற்றுக்குப் போகும். இங்கேயும்கூட 1950லிருந்து யுனிசெஃப்புக்கென்று உண்டியல் குலுக்குகிற பிள்ளைகள் உண்டு.

அம்மாவுக்குப் பிடிக்காதது பலகாரம்தான். மம்மி படத்தைக் காட்டினேன். "சவத்தைத் தூரப் போடு" என்றாள். அவள் கை தவறி விழுந்த கரண்டியையும் அப்படித்தான் சொல்லுவாள் என்றாலும், இந்த ஒரு தடவை வார்த்தை சரியாகப் பொருந்தியது. "திங்கிற சாமானைப் பாத்தா நாக்குல எச்சி ஊறணும். வாந்தி வாற மாதிரிப் பண்ணி, அதைப் பிள்ளையளுக்கு வேற குடுக்கணுமாக்கும்?"

வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பது கடையில் வாங்கின, உறை பிரிக்காத மிட்டாய் மட்டும். வீட்டில் செய்ததைக் கொடுத்தால் பெற்றோர் வீட்டுக்குப் போனதும் குப்பையில் போட்டுவிடுவார்கள். முன்பின் தெரியாதவன் விஷம் வைத்துவிடுவான் என்ற பயம். டெலவேர் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958லிருந்து வந்த செய்திகளை வருஷக்கணக்காகத் துருவிப் பார்த்துவிட்டு, அப்படி ஊர்பேர் தெரியாதவன் கொடுத்த மிட்டாயில் ஒரு பிள்ளையும் செத்ததாக நிரூபணம் இல்லை என்கிறார். பயம் அதற்கெல்லாம் மசியாது. முறுக்கும் முந்திரிக்கொத்தும் டப்பா டப்பாவாக வைத்திருந்த அம்மாவுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. நல்ல வேளை, வளாகத்தின் பொது ஹாலில் தெரிந்தவர்களுக்குள் ஒரு பார்ட்டி இருந்தது. அங்கே வீட்டுப் பலகாரம் கொண்டுபோகலாம், ஆனால் ஒன்பது பொருள் கூடாது என்று செய்தி வந்தது.

அந்த ஒன்பதை அமெரிக்கச் சட்டம் ஒவ்வாமைப் பொருட்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். ஒன்பதாவதான எள், 2023 ஜனவரியில்தான் சேர்ந்தது. தேங்காயை அப்போது மரக்கொட்டைக் கணக்கில் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில்தான் மனமிரங்கி விடுவித்தார்கள். பார்ட்டிக்கு வருகிற பிள்ளைகளில் யாருக்கு எது ஆகாது என்று தனித்தனியாக விசாரிப்பதைவிட மொத்தமாக விலக்கிவிடுவது சுலபம் என்பது ஏற்பாடு செய்தவர்களின் எண்ணம். அதுவும் நியாயம்தான். நிலக்கடலை ஒவ்வாமை என்பது விளையாட்டுச் சமாச்சாரமில்லை.

அந்தப் பட்டியலோடு அம்மாவின் டப்பாக்களைத் திறந்தேன். முறுக்கில் எள்ளும் வெண்ணெயும். மைசூர்பாகில் நெய். அதிரசத்தில் எள். முந்திரிக்கொத்தில் தேங்காய், அதில் முந்திரி இல்லை என்பதை மற்றத் தாய்மார்களுக்கு விளக்கும் வேலையில் நான் இறங்கவில்லை. மிக்சரில் கடலை, முந்திரி இரண்டும். தட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், "ஒண்ணும் இல்ல, அரிசி மாவும் பெருங்காயமும்தான்" என்றாள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கூட்டுப் பெருங்காயம், உள்ளே கோதுமை மாவு. அம்மா கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அப்ப என்னதான் திம்பாவ?" என்றாள்.

இட்லி. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர். ஒன்பதில் ஒன்றும் இல்லை. ஜெலட்டின் இல்லை. வெள்ளை வெளேரென்று இருக்கிறது. போர்வை போர்த்திய பேய்க்கு இதைவிடத் தோதான பண்டம் அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

தட்டு இட்லியில் பேய் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். ஆகவே டம்ளர் இட்லி. காப்பி குடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளரில் உள்பக்கம் எண்ணெய் தடவி, பாதிக்குக் கொஞ்சம் மேலே மாவை ஊற்றி, கொப்பரையில் நிற்க வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். எண்ணெய் தடவும் இடத்தில் ஒரு சண்டை வந்தது. அம்மா கை நல்லெண்ணெய்க்குப் போனது. அது எள். தேங்காயெண்ணெய்க்குப் போனது. அது மரக்கொட்டை. கடைசியில் சூரியகாந்தி எண்ணெயை, பகையாளி வீட்டுப் பந்தியில் உட்காருகிற முகத்தோடு தடவினாள்.

கால் மணி நேரம் வெந்ததும் ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். அவசரப்பட்டு உடனே கவிழ்த்தால் பேய்க்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, டம்ளரின் வெளிப்பக்கம் பச்சைத் தண்ணீரைத் தெளித்து, ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று விட்டுக் கவிழ்த்துத் தட்டினால் முழுசாக இறங்கும். வெந்து உப்பின மேல்பக்கம் இப்போது அடிப்பக்கமாகிவிடுவதால் நிற்காமல் ஆடும். நூலைக் குறுக்கே இழுத்து அந்த உப்பலைச் சமமாக அறுத்துவிட வேண்டும். அறுத்த வில்லைகள் செய்கிறவளுக்கு.

கண்ணுக்கு நான் ஆலிவ் வாங்கி வைத்திருந்தேன். அம்மா அதில் ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மணத்தக்காளி வத்தலை எடுத்து வந்தாள். ஒரு கரண்டி எண்ணெயில் போட்டதும் பொரிந்து, கறுத்து, கண்மணி மாதிரியே ஆகிவிட்டது. சாப்ஸ்டிக் நுனியால் இட்லியில் இரண்டு குழி. குழிக்கு ஒரு வத்தல். பேய் எங்களை முறைத்துப் பார்த்தது. ரத்தத்துக்கு பீட்ரூட் சேர்த்து அரைத்த தக்காளிச் சட்னி, பெருங்காயம் இல்லாமல்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மணத்தக்காளியை எதில் ஊறப்போட்டுக் காயவைத்தாள்? "மோர்லதான்." மோர் என்றால் பால். ஒன்பதில் முதல் நம்பர். கண் பரீட்சையில் பேய் ஃபெயில்.

செய்துவிட்ட கண்களைப் பிடுங்க மனம் வரவில்லை. பாதிப் பேய்களுக்குக் கண் வைத்து, மீதியை வெறும் குழியோடு தனித் தட்டில் வைத்து, எதில் என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதி வைக்கலாம் என்று முடிவானது. பார்ட்டிக்காரர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

கையோடு இன்னும் இரண்டு. கெட்சப் பாட்டிலில் தோசை மாவை ஊற்றி, சூடு அடங்கிய கல்லில் முதலில் குறுக்குக் கோடுகள், பிறகு வளையங்கள். சிலந்தி வலை. கல் கொதித்தால் கோடு பிய்ந்து வந்துவிடும். கோடு போட்டு முடித்த பிறகுதான் அடுப்பைத் தூக்கி வைக்க வேண்டும். நான் போட்டது மழையில் நனைந்த குடை. அம்மா கைக்கு அது சிக்குக் கோலத்தின் தங்கச்சி. ஒட்டடைக்குக் காசா என்று கேட்டவள் ஒட்டடையாகப் போட்டுத் தள்ளினாள். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் இதைத் தாங்களே செய்வார்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றால் போதும்.

இன்னொன்று பொரி உருண்டை. அமெரிக்காவில் அரிசிப் பொரியையும் மார்ஷ்மெல்லோவையும் கிளறிச் செய்யும் ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட் இல்லாத ஹாலோவீன் கிடையாது. கெல்லாக் கம்பெனியின் மில்ட்ரெட் டே 1939இல் தயாரித்துக் கொடுத்தது. மார்ஷ்மெல்லோவுக்குப் பதில் வெல்லப் பாகு வைத்து அதைக் கார்த்திகைக்குக் கார்த்திகை செய்துகொண்டிருப்பவர்கள் நாம். பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டண்' என்று கேட்க வேண்டும். அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடித்து, கரண்டிக் காம்பால் மேலிருந்து கீழே வரி அழுத்தினால் பூசணிக்காய். காம்புக்கு, உரித்த பச்சைப் பூசணி விதை ஒன்று. இது எனக்குப் பார்ட்டிக்கு என்றில்லை, சும்மாவே பிடிக்கும்.

வியாழக்கிழமை விடிகாலை எண்ணெய்க் குளியல், லேகியம் எல்லாம் முறைப்படி முடிந்தது. சாயங்காலம் மகள் வௌவால் வேஷத்தோடு வந்து நின்றாள். "தீவாளியும் அதுவுமா கறுப்புத் துணியா?" என்று அம்மா அதிர்ந்து, சிறகு இரண்டின் ஓரத்திலும் மஞ்சள் தடவிவிட்டாள். "ஆச்சி, வௌவாலுக்கு மஞ்சள் இருக்காது!" என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஹாலோவீன் விருந்தைப் பற்றி எந்தச் சமையல் குறிப்பும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். தலையணை உறை நிறைய மிட்டாயோடு வருகிறவர்களுக்குப் பசி எங்கிருந்து வரும்? பசியோடு இருப்பது ஆபீஸிலிருந்து நேரே வந்து, டார்ச் அடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஒரு மணி நேரம் நடந்த அப்பாமார்கள். லிச்சிக் கண்விழிகளும் ஆரஞ்சுப் பூசணிக்காய்களும் அப்படியே இருக்க, பேய்த் தட்டைச் சுற்றி ஆம்பிளைக் கூட்டம். தெலுங்குக்காரர் ஒருவர் இரண்டு பேயை முழுங்கிவிட்டு, காரப்பொடி இருக்கிறதா என்று ரகசியமாகக் கேட்டார். இருந்தது. எள் போட்டது என்பதால் கைப்பைக்குள் இருந்தது. வெளியே பார்க்கிங்கில் வைத்துக் கைமாறியது.

பிள்ளைகள் ஒன்றுக்கு மட்டும் அடித்துக்கொண்டார்கள். கண் வைக்காத தட்டுக்கு. வெறும் குழியோடு நின்ற பேய்தான் நிஜப் பேய், கண் வைத்தது பொம்மை என்று கூட்டத்தில் ஒருவன் தீர்ப்புச் சொல்ல, பால் ஆகாத பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின தட்டைக் காப்பதற்கு நான் ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, வழக்கமாகத் தனி டப்பாவோடு ஓர் ஓரத்தில் உட்காருகிறவள், அன்றைக்குத் தட்டுக்கு முதலாளி மாதிரி நின்று, யாருக்கு எத்தனை என்று பங்கு பிரித்தாள். அவளுடைய அம்மா என்னிடம் வந்து, இந்தப் பேய் அச்சு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் பாத்திரக் கடையில் கிடைக்கும், கேட்கும்போது மட்டும் காப்பி டம்ளர் என்று கேளுங்கள் என்றேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊருக்குப் போன் போட்டாள். எங்கள் சித்திக்கு அங்கே காலை ஏழு மணி. வாழ்த்துச் சொன்ன கையோடு, "ஏ, அடுத்த வாட்டி மணத்தக்காளி காயப்போடும்போது ஒரு படி மோர் விடாம, வெறும் உப்புத் தண்ணியில ஊறவச்சுத் தனியா எடுத்து வையி" என்றாள்.

"எதுக்குக்கா? யாருக்கும் பத்தியமா?"

"கண்ணு வைக்கதுக்குட்டி. இங்க பேய்க்குக் கண்ணு பத்தலை."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சித்தி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அக்காவுக்கு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டாள்.